செல் சவ்வு திரவம் என்றால் சிவப்பணு ஏன் உருண்டையாக இல்லை?

விலங்கியல்_வகுப்பு எழுதியது:

பிளஸ் ஒன் வகுப்பில் வந்த கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லாததால் இங்கே போடுகிறேன். சிங்கரும் நிக்கல்சனும் 1972-ல் சொன்ன திரவ மொசைக் மாதிரியை நடத்தும்போது, செல் சவ்வு என்பது இரண்டு அடுக்கு பாஸ்போலிப்பிட் (லிப்பிட் எனும் கொழுப்பு வகை மூலக்கூறு), அது திரவமாக நகரக்கூடியது, புரதங்கள் அதில் மிதக்கின்றன என்று சொல்லி முடித்துவிடுகிறோம். திரவப் படலம் என்றால் சோப்புக் குமிழி மாதிரி உருண்டையாகத்தானே இருக்க வேண்டும்? சிவப்பணுவோ இரண்டு பக்கமும் குழிந்து கிடக்கிறது. பரப்பு கூடினால் ஆக்சிஜன் சுலபமாகப் போய்வரும் என்று புத்தகம் சொல்கிறது. அது எதற்காக என்பதற்கான பதில், எப்படி என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. உள்ளே ஏதாவது பிடித்து வைத்திருக்கிறதா, இல்லை சவ்வே அப்படி வளைகிறதா?

மென்பருப்பொருள் எழுதியது:

நல்ல கேள்வி மேடம். சோப்புக் குமிழியிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. குமிழியில் பரப்பு இழுவிசைதான் ராஜா. பரப்பைக் குறைத்துக்கொண்டே போகும், கடைசியில் உருண்டையில் போய் நிற்கும். செல் சவ்வில் அப்படி இல்லை. ஒவ்வொரு லிப்பிட் மூலக்கூறுக்கும் இவ்வளவு இடம் என்று ஏற்கெனவே ஏறத்தாழ முடிவாகியிருக்கிறது, மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் மாறுவதில்லை, அதனால் மொத்தப் பரப்பும் மாறாது. இழுத்துப் பரப்பைக் கூட்டப் பார்த்தால் நூற்றுக்கு நான்கைந்து பங்கு கூடுவதற்குள் கிழிந்துவிடும்.

ஆனால் வளைப்பது சல்லிசு. சவ்வின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர்தான். அதன் வளைவு விறைப்பு சுமார் 20 கேடி (அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் சும்மா துள்ளிக்கொண்டிருக்கும் ஆற்றலை நாங்கள் கேடி என்போம்). அதாவது நீளாது, ஆனால் லேசாகத் தொட்டாலே வளையும்.

இப்போது சிவப்பணுவின் கணக்கைப் பாருங்கள். கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரான். அதை உருண்டையாக மூட 97 சதுர மைக்ரான் சவ்வு போதும். சிவப்பணுவிடம் இருப்பதோ ஏறத்தாழ 135. கிட்டத்தட்ட 40 சதவீதம் உபரி. உருண்டையாக இருக்க அதற்கு வழியே இல்லை, அந்த உபரிச் சவ்வு எங்கேயாவது மடங்கித்தான் ஆக வேண்டும். எப்படி மடங்கினால் வளைக்கும் செலவு மிகக் குறைவு என்று கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் குழிந்த தட்டு வருகிறது. கன்ஹாம் 1970-ல் இதைச் செய்து காட்டினார், 1973-ல் ஹெல்ஃப்ரிக் அதைப் பொதுவான கோட்பாடாக எழுதினார். அதனால் என் பதில், சவ்வேதான் வளைகிறது. உள்ளே தாங்கிப் பிடிக்க எதுவும் அவசியமில்லை.

வடகரை எழுதியது:

> உள்ளே தாங்கிப் பிடிக்க எதுவும் அவசியமில்லை

அப்படியானால் ஸ்பெக்ட்ரின் எதற்கு? சிவப்பணுவின் சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தாலான வலை இருக்கிறது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். சும்மா இருக்குமா அது?

லேப்_அக்கா எழுதியது:

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், கோட்பாடு எனக்குத் தூரம். ஆனால் ஸ்பெக்ட்ரின் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஸ்லைடில் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் என்று ஒரு ரத்தசோகை. ஸ்பெக்ட்ரின், ஆங்கிரின், பேண்ட் 3 போன்ற புரதங்களில் ஏதோ ஒன்றின் ஜீனில் கோளாறு. இதில் சவ்வுக்கும் அடியில் இருக்கிற வலைக்கும் நடுவே பிடிப்பு விட்டுப்போகிறது. பிடிப்பு இல்லாத இடத்தில் சவ்வு சின்னச் சின்னக் கொப்புளமாகப் பிய்ந்து போய்விடும். உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் அப்படியே இருக்க, சவ்வு மட்டும் குறைந்துகொண்டே வரும். கடைசியில் செல் உருண்டையாகிவிடும். ஸ்மியரில் (ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்த ரத்தத்தில்) பார்த்தால் சட்டென்று தெரியும். சாதாரண சிவப்பணுவுக்கு நடுவில் வெளுப்பாக ஒரு வட்டம் இருக்கும், குழிந்த இடத்தில் ஹீமோகுளோபின் கம்மி என்பதால். ஸ்பீரோசைட்டில் அந்த வெளுப்பு இருக்காது, கொஞ்சம் சிறியதாகவும் ஒரே அடர் நிறமாகவும் கிடக்கும்.

மென்பருப்பொருள் சார் சொன்ன உபரி பரப்பை எங்கள் லேபில் நேராகவே அளக்கலாம். ஆஸ்மாடிக் ஃப்ரெஜிலிட்டி டெஸ்ட் என்று பெயர். வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும், எல்லாவற்றிலும் ரத்தம் விடுவோம். உப்பு குறையக் குறையத் தண்ணீர் உள்ளே புகுந்து செல் உப்பும். நல்ல செல் முதலில் தன் குழிவை நிரப்பிக்கொள்ளும், அப்புறம் உருண்டையாகும், அதற்கப்புறம்தான் வெடிக்கும். 0.45, 0.50 சதவீதம் வரும்வரை தாங்கும், 0.30 அருகில் எல்லாம் உடைந்து குழாய் முழுக்கத் தெளிந்த சிவப்பாகிவிடும். ஸ்பீரோசைட்டுக்கு நிரப்பிக்கொள்ளக் குழிவே இல்லையே. அது முன்னாடி இருக்கிற குழாய்களிலேயே உடைய ஆரம்பித்துவிடும்.

விலங்கியல்_வகுப்பு எழுதியது:

அக்கா, இது அருமை. அப்போது குழிவு என்பது உப்பிப்போவதற்காக வைத்திருக்கும் இடம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

லேப்_அக்கா எழுதியது:

உப்பிப்போவதை விட நெளிவதற்கு என்று சொல்லுங்கள் மேடம். மண்ணீரலில் ரத்தம் போகிற சந்துகளின் அகலம் ஒரு மைக்ரானைக்கூடத் தாண்டாது. 8 மைக்ரான் தட்டு அதற்குள் நெளிந்து நுழைந்து வெளியே வந்தாக வேண்டும். உபரி சவ்வு இருப்பதால் கொள்ளளவு மாறாமல், சவ்வும் நீளாமல் எப்படி வேண்டுமானாலும் வளைந்து போகிறது. உருண்டைக்கு அந்த வசதி கிடையாது. நீளாத சவ்வு உள்ளே இருப்பதை இறுக்கி மூடியிருந்தால் வடிவத்தை மாற்றவே முடியாது, மாற்ற வேண்டுமென்றால் கிழிய வேண்டும். அதனால் ஸ்பீரோசைட் மண்ணீரலிலேயே மாட்டிக்கொண்டு அழிகிறது. ஒன்றைக் கவனியுங்கள். இந்த நோயாளிகளுக்கு மண்ணீரலை எடுத்துவிட்டால் ரத்தசோகை பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் ஸ்மியரில் செல்கள் அதே உருண்டையாகத்தான் இருக்கும்.

மென்பருப்பொருள் எழுதியது:

> சும்மா இருக்குமா அது?

வடகரைக்கு அக்காவே பதில் சொல்லிவிட்டார். வலை சவ்வைக் காப்பாற்றுகிறது, பிய்ந்து போகாமல் பார்த்துக்கொள்கிறது. பரப்பு காப்பாற்றப்பட்டால் தட்டு வடிவம் தானாக வரும். வெறும் லிப்பிட்டால் செய்த பெரிய குமிழ்களில், வலையோ புரதமோ எதுவுமே இல்லாமல், இதே குழிந்த தட்டு வடிவம் வருவதைப் பார்த்திருக்கிறோம். உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் வைத்து, வெளியே செறிவைக் கொஞ்சம் கூட்டினால் போதும். உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறி, விறைப்பாக இருந்த குமிழ் தளர ஆரம்பிக்கும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் அதன் ஓரம் நடுங்குவது அப்பட்டமாகத் தெரியும். வட்டமாக இருந்த கோடு ஒரு நொடி நீள்வட்டமாகும், அடுத்த நொடி ஒரு பக்கம் பள்ளம் விழும், மறுபடி நிமிரும். யாரும் தொடவில்லை, தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதே அதற்குப் போதும். 20 கேடி என்று நான் சொன்னதைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான்.

சிவப்பணுவிலும் இந்த நடுக்கம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1975-ல் ப்ரோஷாரும் லென்னனும் இது வெப்ப அசைவுதான் என்று கணக்குக் காட்டினார்கள்.

குமிழ்வாசி எழுதியது:

அண்ணா, நடுக்கம் முழுக்க வெப்பம் என்று விட்டுவிட முடியாது. 2016-ல் துர்லியே குழுவினர் சிவப்பணுவின் நடுக்கத்தை ஒளியியல் இடுக்கியால் (லேசர் ஒளியால் பிடிக்கும் கருவி) அளந்து, அது வெப்பச் சமநிலைக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, செல் தன் ஆற்றலைச் செலவழித்தும் நடுங்குகிறது என்று காட்டினார்கள். அப்புறம் 2018-ல் வெலியா ஃபௌலர் குழுவின் வேலை. சிவப்பணுவின் வலையில் மயோசின் 2ஏ என்ற மோட்டார் புரதம் ஒட்டியிருந்து இழுக்கிறது, அதை மருந்து கொடுத்து நிறுத்தினால் குழிவு கெட்டு செல் நீண்டுபோகிறது. அதனால் "தட்டு வடிவம் தானாக வரும்" என்பதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். வெறும் லிப்பிட்டிலும் அந்த வடிவம் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொள்ளளவைக் கொஞ்சம் மாற்றினாலே வடிவம் வேறொன்றுக்குத் தாவிவிடும். உடலுக்குள் 120 நாள் அடிபட்டு மிதிபட்டு ஓடும் செல் அதே வடிவத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் வலையின் இழுப்பு அதில் இல்லாமல் முடியாது.

மென்பருப்பொருள் எழுதியது:

திரும்ப வருவதற்கு வலை வேண்டும் என்பதை ஏற்கிறேன். முள்ளு முள்ளாக வருகிற சிவப்பணு இருக்கிறதே, எக்கினோசைட், அந்த முள்ளின் வடிவத்தை வெறும் வளைவுக் கணக்கு தராது, வலையின் மீள்விசையையும் சேர்த்தால்தான் வரும். 2002-ல் லிம், வோர்ட்டிஸ், முகோபாத்யாய் மூவரும் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அடிப்படை குழிவுக்கு அதே அளவு வலை தேவையா என்பதில்தான் நான் நிற்கிறேன்.

லேப்_அக்கா எழுதியது:

முள்ளு செல் என்றதும் ஒன்று கேட்க வேண்டும். ட்யூபில் ரொம்ப நேரம் இருந்த ரத்தத்தில் ஸ்மியர் போட்டால் பாதி செல் முள்ளாகத்தான் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் நிஜமாகவே வரும் முள்ளு செல்லோடு குழம்பிவிடக் கூடாதே என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தாலே சில நேரம் முள்ளாகிவிடுகிறது, கொஞ்சம் ஆல்புமின் விட்டால் மறுபடி தட்டாகிறது. வலை அதே வலை, செல் அதே செல். பிறகு எது மாறுகிறது?

மென்பருப்பொருள் எழுதியது:

இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கணக்கு மாறுகிறது அக்கா. ஷீட்ஸும் சிங்கரும் 1974-ல் சொன்னது இது. சவ்வு இரண்டு அடுக்கு, இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும். வெளி அடுக்கில் மட்டும் ஏதாவது போய்ச் சொருகிக்கொண்டால் வெளி அடுக்கின் பரப்பு உள் அடுக்கைவிடக் கூடும், அதைச் சமாளிக்க சவ்வு வெளிப்பக்கம் புடைத்தாக வேண்டும், அதுதான் முள். உள் அடுக்கில் சொருகினால் செல் கிண்ணமாகக் குழியும். குளோர்ப்ரோமசின் மாத்திரை மூலக்கூறு நேர்மின் உடையது. உள் அடுக்கில் எதிர்மின் கொண்ட பாஸ்பாடிடைல்செரின் என்ற லிப்பிட் இருப்பதால் உள்ளே போய்த் தங்குகிறது, செல் கிண்ணமாகிறது. லைசோலெசித்தின் என்ற லிப்பிட் வெளியிலேயே தங்கிவிடும், செல் முள்ளாகும். சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர், செல் 8 மைக்ரான் என்பதால் இரண்டு அடுக்கின் பரப்பிலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட வித்தியாசம் வேண்டியதில்லை, அதற்கும் குறைவான வித்தியாசமே வடிவத்தைப் புரட்டிவிடும். பழைய ரத்தத்தில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தீர்ந்துபோவதும் முள்ளுக்குக் காரணம், ஆல்புமின் வெளி அடுக்கில் வந்து சொருகியதை உறிஞ்சி எடுத்துவிடும்.

வடகரை எழுதியது:

இது எல்லாம் 8 மைக்ரான் கணக்கு. நரம்பு முனையில் சவ்வாலான 40 நானோமீட்டர் பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, அங்கேயும் "வளைப்பது சல்லிசு" செல்லுமா? அவ்வளவு சின்னதாக வளைக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டாமா?

மென்பருப்பொருள் எழுதியது:

வேண்டாம் என்பதுதான் வியப்பு. தட்டைச் சவ்விலிருந்து ஒரு முழு உருண்டையை உண்டாக்க ஆகும் வளைவுச் செலவு 8π பெருக்கல் விறைப்பு (π என்பது 3.14). அதில் ஆரம் வரவே இல்லை. ஆரம் குறைந்தால் வளைவின் வர்க்கம் கூடுகிறது, ஆனால் பரப்பு அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. 20 கேடி என்று வைத்தால் சுமார் 500 கேடி. 40 நானோமீட்டர் பைக்கும் அதுதான், 4 மைக்ரான் உருண்டைக்கும் அதுதான். செல்லுக்குள் ஒரு ஏடிபி உடைந்தால் சுமார் 20 கேடி கிடைக்கும். ஆக 25 ஏடிபி சமாச்சாரம். செல்லுக்கு இது ஒரு செலவே இல்லை.

குமிழ்வாசி எழுதியது:

செலவு குறைவுதான், ஆனால் 500 கேடி தானாக நடக்காது. வெப்பத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரு பைகூட உருவாகாது. அந்த 500-ஐ யாராவது ஓரிடத்தில், சரியான நேரத்தில், சரியான அளவில் கட்ட வேண்டும். செல்லில் அதைக் கட்டுவது புரதங்கள்தான். சிவப்பணு விதிவிலக்கான செல், உட்கருவும் இல்லை, உள் சவ்வுகளும் இல்லை. மற்ற செல்களில் சவ்வின் வளைவு என்றால் புரதம்தான் பேச்சே.

கிளாத்ரின் என்ற புரதம் எல்லோருக்கும் தெரியும், மூன்று கால் மூலக்கூறு, வளையும் சவ்வின் மேல் கூண்டு கட்டும், 1970-களில் பார்பரா பியர்ஸ் பிரித்தெடுத்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது பார் டொமைன் என்ற வளைந்த பகுதி உள்ள புரதங்கள். அவற்றில் ஒன்றான ஆம்ஃபிஃபைசினின் பார் டொமைன் வடிவத்தை 2004-ல் கேம்பிரிட்ஜில் மெக்மஹன் குழுவினர் படிக ஆய்வில் எடுத்தார்கள். இரண்டு மூலக்கூறு சேர்ந்து வளைந்த பிறை, உள்வளைவில் நேர்மின், ஆரம் சுமார் 11 நானோமீட்டர். எதிர்மின் கொண்ட சவ்வின் மேல் இந்தப் பிறைகள் வரிசையாக உட்கார்ந்தால் சவ்வு அந்த வளைவுக்கு வந்துவிடுகிறது, உருண்டை லிப்போசோம்கள் (லிப்பிட்டால் செய்த குமிழ்கள்) குழாய் குழாயாக நீள்கின்றன. எப்சின் என்ற புரதம் வேறு வழியில் போகும். பிஐபி2 லிப்பிட்டைப் பிடித்ததும் அதில் ஒரு சுருள் புதிதாக உருவாகி, ஒரு பக்கத்து அடுக்கில் மட்டும் ஆப்பு மாதிரி இறங்கும். அண்ணா சொன்ன இரண்டு அடுக்குக் கணக்கேதான், மருந்து மூலக்கூறுக்குப் பதில் புரதச் சுருள்.

மென்பருப்பொருள் எழுதியது:

அந்தச் சோதனைகளில் ஒரு கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. லிப்போசோமில் அளவுக்கு மீறிப் புரதத்தைக் கொட்டினால் எந்தப் புரதமும் வளைக்கும். 2012-ல் ஸ்டச்சோவியாக் குழுவினர் பச்சை ஒளிர் புரதத்தையே சவ்வில் கட்டி நெருக்கமாக அடைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறை வடிவமும் கிடையாது, சுருள் இறக்கும் வேலையும் தெரியாது, ஜெல்லிமீனில் ஒளிர்வதைத் தவிர சவ்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் குழாய்கள் வந்தன. ஒரு பக்கம் மட்டும் நெரிசல் என்றால், ஒன்றையொன்று இடித்துத் தள்ளும் அழுத்தமே வளைக்கப் போதும். அப்படியிருக்க பிறை வடிவத்துக்கு இவ்வளவு மரியாதை தேவையா?

குமிழ்வாசி எழுதியது:

தேவை என்றுதான் சொல்வேன். நெரிசலால் சவ்வு வளையும், ஆனால் எவ்வளவு வளைய வேண்டும் என்று நெரிசலுக்குத் தெரியாது. பிறைக்குத் தெரியும், அதன் எலும்பிலேயே 11 நானோமீட்டர் எழுதியிருக்கிறது. எந்தப் பக்கம் என்பதும் அதற்குத் தெரியும். இதே குடும்பத்தில் ஐபார் என்ற கிளை இருக்கிறது, அதில் நேர்மின் பக்கம் குவிந்திருக்கும், அதனால் அது சவ்வை எதிர்ப்பக்கம் தள்ளி, செல்லிலிருந்து விரல்கள் மாதிரி நீட்டல்களை உண்டாக்குகிறது. நெரிசல் மட்டும்தான் காரணம் என்றால் செல்லுக்குள் புரதம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும்தானே புடைக்க வேண்டும்? உள்ளிருந்தே பிடித்து வெளிப்பக்கம் தள்ள வடிவம் வேண்டும்.

ஆனால் செல்லுக்குள் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வளைக்கும் புரதங்களுக்குப் பிறையோடோ சுருளோடோ ஒரு நீண்ட தளர்ந்த வாலும் இருக்கிறது, அது இடத்தை அடைத்துக்கொண்டு நெரிசலை உண்டாக்குகிறது.

விலங்கியல்_வகுப்பு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. பள்ளி மைக்ராஸ்கோப்பில் இதில் எதையாவது காட்ட முடியுமா? மாணவர்களிடம் ரத்தம் எடுக்க நான் விரும்பவில்லை.

மென்பருப்பொருள் எழுதியது:

ரத்தமே வேண்டாம் மேடம். பேக்கரி சாமான் விற்கும் கடையில் சோயா லெசித்தின் கிடைக்கும், எண்ணெய் நீக்கிய பொடியாகக் கேட்டு வாங்குங்கள், திரவமாக விற்பதில் எண்ணெய் நிறைய இருக்கும். ஒரு துணுக்கை ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப் மூடி, ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தொட்ட இடத்திலிருந்து குழாய்கள் முளைத்து நீளும், வளையும், சில சுருண்டு பின்னிக்கொள்ளும். மயலின் உருவங்கள் என்று பெயர், 1854-லேயே விர்ச்சோ எழுதியிருக்கிறார். 10 மடங்கு லென்ஸே போதும். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் குழாய் ஒவ்வொன்றும் தனிச் சவ்வு இல்லை, நூற்றுக்கணக்கான இரட்டை அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. தனிச் சவ்வு அந்த மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

வடகரை எழுதியது:

கடைசியாக ஒன்று. வளைந்து வளைந்து கழுத்துவரை வந்துவிட்டது, சரி. துண்டாவது யாரால்? நீளாத, கிழிய விரும்பாத சவ்வு எப்படி அறுபடுகிறது, அறுபடும்போது உள்ளே இருப்பது ஏன் கொட்டிவிடுவதில்லை?

குமிழ்வாசி எழுதியது:

அதற்குத் தனி ஆள் உண்டு, டைனமின் என்ற புரதம். இதைக் காட்டிக்கொடுத்தது பழ ஈ. ஷிபிரே என்ற மரபு மாற்றம் உள்ள ஈக்கள் அறை வெப்பநிலையில் சாதாரணமாகப் பறக்கும், 30 டிகிரி அருகே போனால் உடனே முடங்கி விழும், குளிர்ந்தால் மறுபடி எழும். 1980-களின் தொடக்கத்தில் கொசாகாவும் இகெடாவும் முடங்கிய ஈயின் நரம்பு முனைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பைகள் தீர்ந்துபோயிருந்தன. சவ்வில் பாதி உருவான பைகள் கழுத்தில் ஒரு பட்டையோடு அப்படியே நின்றிருந்தன. வளைவது நடந்திருக்கிறது, அறுபடுவது மட்டும் நடக்கவில்லை. அந்த ஜீன் டைனமினுடையது என்று பிறகு தெரிந்தது.

டைனமின் கழுத்தைச் சுற்றிச் சுருளாகக் கட்டிக்கொண்டு, ஜிடிபியை (ஏடிபி மாதிரி இன்னொரு ஆற்றல் மூலக்கூறு) உடைத்து இறுகும். 2008-ல் தாமஸ் புக்காடில், சாண்ட்ரா ஷ்மிட் இருவரும் கண்ணாடி மணிகளின் மேல் உபரிச் சவ்வைப் படரவிட்டு, டைனமினும் ஜிடிபியும் சேர்த்ததும் சவ்வு சின்னப் பைகளாக அறுந்து போவதை நேரடியாகப் பார்த்தார்கள். புக்காடில் இப்போது புணே ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) இதே துறையில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார், இதைப் படிக்க விரும்பும் பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் மேடம்.

கொட்டாததற்குக் காரணம் அறுபடும் விதம். கழுத்தின் உள் இடைவெளி சில நானோமீட்டருக்கு இறுகும்போது முதலில் உட்பக்க அடுக்கு மட்டும் தனக்குள் ஒட்டிக்கொள்கிறது, குழாய் அங்கே அடைபட்டுவிடுகிறது. வெளி அடுக்கு இன்னும் தொடர்ந்துதான் இருக்கும், அது அதற்குப் பிறகுதான் அறுபடுகிறது. இரண்டு அடுக்கும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணம் என்று ஒன்று வருவதில்லை.